சார், டெஸ்க்டாப்ல ஒண்ணுமே இல்ல

அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தத் தொலைபேசி அழைப்பு ஒருநாள் வரும். பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கிறது, உள்ளேயும் போயாகிவிட்டது. ஆனால் திரையில் விண்டோஸின் நீலப் பின்னணி, ரீசைக்கிள் பின், எட்ஜ் ஐகான், அவ்வளவுதான். வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த ஃபோல்டர்கள் ஒன்றையும் காணோம். தற்காலிக ப்ரொஃபைலில் நுழைந்திருக்கிறீர்கள் என்று ஓரத்தில் ஓர் அறிவிப்பு வந்து மறைந்திருக்கும். பதற்றத்தில் அதை யார் படிப்பார்கள்?

பெரும்பாலும் ஃபைல்கள் எங்கும் போயிருக்காது. வட்டில் பழைய இடத்திலேயே பத்திரமாக இருக்கும். விண்டோஸால் அந்த ஆளுடைய ப்ரொஃபைலை (அவருடைய ஃபைல்களும் செட்டிங்குகளும் சேர்ந்த தொகுப்பை) ஏற்ற முடியவில்லை, அதனால் ஒப்புக்கு ஒன்றைத் திறந்து காட்டியிருக்கிறது. உண்மையான இழப்பு பெரும்பாலும் இதற்குப் பிறகுதான் நடக்கிறது. நல்ல எண்ணத்தோடு உதவிக்கு வருபவர்களின் கையால் நடக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம். அதைத் தடுக்க முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அழைப்பு வந்ததும் நான் போனிலேயே சொல்லும் முதல் விஷயம் இது: "எதையும் சேவ் பண்ணாதீங்க மேடம். ஏற்கெனவே ஏதாவது டைப் பண்ணி சேவ் பண்ணியிருந்தா, லாக்ஆஃப் பண்ணாம அப்படியே விடுங்க, நான் வந்துடறேன்." காரணம், தற்காலிக ப்ரொஃபைல் சி ட்ரைவின் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் டெம்ப் என்ற பெயரில் உருவாகிறது. லாக்ஆஃப் செய்த அடுத்த நொடி அது மொத்தமாக அழிக்கப்படும். டெஸ்க்டாப் காலியாக இருக்கிறதே என்று திகைத்தாலும், அவசர வேலை இருக்கிறதே என்று காலை முழுக்க உட்கார்ந்து ஒரு கொட்டேஷனைத் தயாரித்து அந்த டெஸ்க்டாப்பிலேயே சேமிப்பவர்கள் உண்டு. மதியம் யாரோ ஒருவர் வந்து "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம்" என்பார். அந்தக் கொட்டேஷன் போய்விடும். ஆகவே முதலில் டெம்ப் ஃபோல்டரில் புதிதாகச் சேமித்தவற்றை டி ட்ரைவுக்கோ சர்வருக்கோ நகலெடுத்துவிட வேண்டும். ரீஸ்டார்ட் அதற்கப்புறம்தான்.

ரீஸ்டார்ட் தேவையில்லை என்று சொல்லவில்லை. பல நேரங்களில் அதுவே போதும். ஒவ்வொரு பயனரின் ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள்ளும் என்டியூசர்.டாட் என்று மறைந்திருக்கும் ஒரு ஃபைல் இருக்கிறது. அந்த ஆளுக்கான ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு, பெரும்பாலும் அதற்குள்தான். லாக்ஆன் ஆகும்போது விண்டோஸ் அதைத் திறக்கிறது. அந்தக் கணத்தில் ஆன்ட்டிவைரஸோ பேக்அப் மென்பொருளோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் திறக்க முடியாமல் போகும். பிடி விட்டதும் எல்லாம் சரியாகிவிடும். ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்வதைவிட ரீஸ்டார்ட் மேல். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் கணினியில் ஷட்டவுன் என்பது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை ஹைபர்னேட் செய்து, அதாவது அப்படியே உறங்க வைத்து, வைப்பதுதான். முழுதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்டில் மட்டுமே.

அதற்கும் மசியவில்லை என்றால் விண்டோஸ் தன் கோளாறுகளை எண் போட்டுக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளைப் பார்க்க வேண்டும். 1511 என்றால் ப்ரொஃபைலைக் காணாமல் தற்காலிகமானதில் ஏற்றியிருக்கிறது. 1515 என்றால் பழையதை ஒதுக்கி வைத்திருக்கிறது. 1508 என்றால் அந்த ரெஜிஸ்ட்ரி ஃபைலையே ஏற்ற முடியவில்லை. இதோடு சி ட்ரைவில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதையும், வட்டின் ஆரோக்கியத்தையும் பார்த்துவிட வேண்டும். யூபிஎஸ் பேட்டரி செத்துப்போய், மின்சாரம் போகும்போதெல்லாம் பட்டென்று அணையும் கணினிகளில்தான் இந்தக் கோளாறு அதிகம் வருவதாக என் அனுபவம். வட்டே பழுதாகிக்கொண்டிருந்தால் வேறு எந்த வைத்தியமும் வேண்டாம், வட்டைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க் கூட வேண்டாம். முதலில் எடுக்க முடிந்ததை எல்லாம் வெளி வட்டுக்கு எடுத்துவிடுங்கள்.

1515 பதிவாகியிருந்தால் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட்வெர்ஷன், ப்ரொஃபைல்லிஸ்ட் என்று போனால் அந்தக் கணினியில் இருக்கும் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு கீ இருக்கும். எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்ணான எஸ்ஐடிதான் (விண்டோஸ் ஒவ்வொரு பயனருக்கும் தரும் அடையாள எண்) அதன் பெயர். கோளாறான ஆளுக்கு ஒரே எண்ணில் இரண்டு கீகள் தெரியும், ஒன்றின் வாலில் .பிஏகே என்று ஒட்டியிருக்கும். அந்த வால் உள்ளதுதான் உண்மையான ப்ரொஃபைல். வேறொரு அட்மின் கணக்கில் நுழைந்து, முதலில் ப்ரொஃபைல்லிஸ்ட்டை எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு, வாலில்லாததற்கு வேறு பெயர் கொடுத்து, மற்றதன் வாலை நீக்கி, அதனுள் இருக்கும் ஸ்டேட், ரெஃப்கவுன்ட் இரண்டையும் 0 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தால் பல நேரம் பழைய டெஸ்க்டாப் அப்படியே திரும்பி வரும். ஒரு ஃபைலைக்கூட நகர்த்த வேண்டியிருக்காது.

அதிலும் திரும்பாதவை இருக்கின்றன. லாக்ஆன் ஆகிறது, ஆனால் ஸ்டார்ட் மெனு திறக்காது, அவுட்லுக் திறந்தவுடன் மூடிக்கொள்ளும், எக்செல் தொங்கும் என்கிற வகையும் உண்டு. அதே கணினியில் இன்னொருவர் நுழைந்தால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். அப்படியென்றால் கெட்டிருப்பது கணினி இல்லை, இந்த ஆளின் ப்ரொஃபைல் மட்டும்தான். இந்த இடத்தில்தான் நம் ஊர் சப்போர்ட் ஆட்களின் வாயில் அந்த வாக்கியம் வருகிறது: "ஃபார்மேட் அடிச்சிடலாம் சார், டேட்டா மட்டும் எடுத்துக்கறேன்."

'டேட்டா மட்டும்' என்பதைத்தான் நான் நம்புவதில்லை. டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், கொஞ்சம் கவனமான ஆளாக இருந்தால் டவுன்லோட்ஸ். இந்த மூன்றோடு ஒருவரின் வேலை முடிந்துவிடுவதில்லை.

எங்கள் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். அவர் ப்ரொஃபைல்தான் ஒருமுறை இப்படிப் படுத்தது. மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய வேண்டிய 20ஆம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. எக்செல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உறைந்து நின்றது. என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். "டெஸ்க்டாப்பும் டாகுமென்ட்ஸும் போதும் தம்பி, சீக்கிரம் முடிச்சுக் குடுங்க" என்றார். நான் ஒரு நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "காலையில வந்ததுல இருந்து சாயங்காலம் வரைக்கும் என்ன பண்ணுவீங்க, வரிசையா சொல்லுங்கக்கா" என்று கேட்டேன். ப்ரொஃபைல் இன்னும் திறந்துகொண்டிருந்ததால் ஒவ்வொன்றையும் அவரே காட்டினார்.

எக்செலில் ஒரு பட்டனை அழுத்துவார், வங்கியின் ஸ்டேட்மென்ட் அவருக்கு வேண்டிய வடிவத்துக்கு மாறிவிடும். அந்த மேக்ரோவை எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. அது எந்த ஒர்க்புக்கிலும் இல்லை. ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், எக்செல், எக்ஸ்எல்ஸ்டார்ட் என்று உள்ளே உள்ளே போனால் பர்சனல்.எக்ஸ்எல்எஸ்பி என்ற ஃபைலில் இருக்கிறது. ஆப்டேட்டா ஃபோல்டர் கண்ணுக்கே தெரியாமல் மறைக்கப்பட்டிருப்பது. டெஸ்க்டாப்பையும் டாகுமென்ட்ஸையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஃபார்மேட் அடித்திருந்தால் அந்த மேக்ரோ அன்றோடு உலகத்தில் இல்லை. அதை மீண்டும் எழுதித்தர ஆளும் இல்லை.

அவுட்லுக்கில் அவருடைய கையெழுத்துப் பகுதி, ரோமிங்கின் கீழே சிக்னேச்சர்ஸ் ஃபோல்டரில் இருக்கிறது. அவுட்லுக் மெயிலைச் சேமிக்கும் ஃபைல்கள் இரண்டு வகை, அவற்றின் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ஓஎஸ்டி ஃபைல் என்றால் சர்வரில் மூலம் இருக்கிறது, புதிதாக இறங்கிவிடும். பிஎஸ்டி என்றால் அதுதான் மூலம். நம் ஊரில் எத்தனையோ சிறு நிறுவனங்கள் இன்னும் பாப் முறையில்தான், அதாவது சர்வரில் வைக்காமல் கணினிக்கே, மெயிலை இறக்கிக்கொள்கின்றன. பல வருடக் கடிதப் போக்குவரத்து முழுதும் ஒரே ஒரு பிஎஸ்டி ஃபைலில், ஒரே ஒரு கணினியில். அவுட்லுக் 2010 முதல் அது வழக்கமாக டாகுமென்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். அதற்கு முந்தையவற்றில் ஆப்டேட்டாவின் லோக்கல் பகுதிக்குள். மெயில் சர்வரிலேயே இருக்கும் ஐமேப் கணக்கு வைத்திருப்பவர்களும் ஓஎஸ்டி என்று அலட்சியமாக இருக்கக்கூடாது. மெயில் திரும்ப வந்துவிடும், ஆனால் 'இந்தக் கணினியில் மட்டும்' என்று குறித்திருக்கும் காலண்டரும் முகவரிகளும் வராது.

ஸ்டிக்கி நோட்ஸில் சப்ளையர்களின் விவரங்களை மஞ்சள் மஞ்சளாக ஒட்டி வைத்திருந்தார். அது ப்ளம்.எஸ்கியூலைட் என்ற ஃபைலில், லோக்கலின் கீழே பேக்கேஜஸ் ஃபோல்டருக்குள் இருக்கிறது. குரோமில் வரிசையாக புக்மார்க்குகள். யூசர் டேட்டா ஃபோல்டரில் புக்மார்க்ஸ் என்ற ஒரே ஃபைல். அதை நகலெடுத்தால் வந்துவிடும். ஆனால் குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் அப்படி வராது. விண்டோஸ் அந்தப் பயனரின் சாவியால் பூட்டி வைப்பவை அவை. ஃபைலை மட்டும் தூக்கிக்கொண்டு போய் புதிய ப்ரொஃபைலில் வைத்தால் திறக்காது. ப்ரொஃபைல் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே குரோமைத் திறந்து எக்ஸ்போர்ட் செய்துவிட வேண்டும், வேலை முடிந்ததும் அந்த ஃபைலை அழித்துவிட வேண்டும். கணினியில் நிறுவியிருக்கும் டிஜிட்டல் சான்றிதழ்களும் இதே கதைதான். யூஎஸ்பி டோக்கனில் இருப்பவை பிழைக்கும்; விண்டோஸுக்குள் இருப்பவற்றை முன்கூட்டியே தனியாக எடுத்தாக வேண்டும்.

அப்புறம் தமிழ். இதைத் தமிழில் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த அக்கா நிர்வாகக் கடிதங்களைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிப்பவர். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து அட்மின் அனுமதி இல்லாமலே ஒருவர் தனக்கு மட்டும் எழுத்துருவை நிறுவிக்கொள்ளலாம். அப்படி நிறுவியது ப்ரொஃபைலுக்குள், ஆப்டேட்டாவின் லோக்கலில் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரில் தங்கும். ப்ரொஃபைலைப் புதிதாக்கினால் எழுத்துரு போய்விடும். மறுநாள் கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரு குப்பை தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபைல் நன்றாகத்தான் இருந்தது. எழுத்துருவைத் திரும்ப நிறுவியிருந்தால் போதும். பாமினியோ வானவில்லோ, யூனிகோடுக்கு முந்தைய எதையாவது பயன்படுத்துபவரின் கணினியில் கைவைக்கும் முன் எழுத்துருக்களை ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். தமிழ்99 விசைப்பலகையையும் புதிய ப்ரொஃபைலில் மறுபடி சேர்க்க வேண்டும்.

இவ்வளவையும் பார்த்தபின் டெஸ்க்டாப்பைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தேன். டாஸ்க்பாரை ஒன்று, நெட்வொர்க் ட்ரைவ்கள் எந்த எழுத்தில் எந்த ஷேருக்குப் போகின்றன என்பதை ஒன்று, பிரின்டர் பட்டியலை ஒன்று. ஐகான் எந்த மூலையில் இருந்தது என்பது கைக்குத் தெரிந்த விஷயம். அது இடம் மாறினால் வேலை தடுமாறும். அப்படியே திருப்பி வைத்துக் கொடுப்பது நமக்குச் சில நிமிட வேலை.

இனி உண்மையான மாற்றம். இதில் இரண்டு தவறான வழிகளைச் சொல்லிவிடுகிறேன். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் யூசர் ப்ரொஃபைல்ஸ் என்ற இடத்தில் ஒரு டெலீட் பட்டன் இருக்கிறது. முறையான வழிதான், ஆனால் அது அந்த ஆளின் ஃபோல்டரையும் சேர்த்து அழித்துவிடும். முழு நகல் கையில் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. இன்னொன்று, கணக்கையே நீக்கிவிட்டு அதே பெயரில் வேறு உருவாக்குவது. பெயர் ஒன்றாக இருந்தாலும் எஸ்ஐடி மாறிவிடும். விண்டோஸின் கண்ணுக்கு அவர் வேறு ஆள். பழைய ஃபைல்களைத் திறக்க அனுமதி கேட்கும். விண்டோஸ் என்க்ரிப்ஷன் போட்ட ஃபைல் ஏதாவது இருந்தால் திறக்கவே திறக்காது. கெட்டது ப்ரொஃபைல்தான், கணக்கு இல்லை. டொமைன் கணக்கு (அலுவலக சர்வர் நிர்வகிக்கும் கணக்கு) என்றால் அது சர்வரின் பயனர் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரியில் நிம்மதியாக இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

நான் செய்வது இது. ரீஸ்டார்ட் செய்து, அந்த ஆள் நுழையும் முன்பே வேறொரு அட்மின் கணக்கில் நுழைகிறேன். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அவர் பெயரில் இருக்கும் ஃபோல்டரின் வாலில் .ஓல்ட் என்று சேர்த்துப் பெயர் மாற்றுகிறேன். பெயர் மாற்ற விடவில்லை என்றால் இன்னும் ஏதோ அதைப் பிடித்திருக்கிறது என்று பொருள், மறுபடி ரீஸ்டார்ட். அடுத்து ப்ரொஃபைல்லிஸ்ட்டில் ப்ரொஃபைல்இமேஜ்பாத் என்ற மதிப்பில் அவர் ஃபோல்டரின் பாதை இருக்கும் கீயைக் கண்டுபிடித்து, எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு, நீக்குகிறேன். இரண்டையும் செய்தாக வேண்டும். ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றிவிட்டுக் கீயை விட்டால் விண்டோஸ் இல்லாத ஃபோல்டரைத் தேடிப்போய் மறுபடியும் தற்காலிக ப்ரொஃபைலில் நிறுத்தும். கீயை மட்டும் நீக்கினால் பழைய ஃபோல்டர் பக்கத்திலேயே டொமைன் பெயர் ஒட்டிய புதிய ஃபோல்டர் ஒன்று முளைக்கும். இதன்பின் அவரை லாக்ஆன் செய்யச் சொன்னால், டிஃபால்ட் ப்ரொஃபைலை அச்சாக வைத்துப் புதியது ஒன்று உருவாகும். எஸ்ஐடி அதேதான், அதனால் அனுமதிகளில் சிக்கல் வராது. ரீசைக்கிள் பின்கூட அப்படியே இருக்கும். அது ப்ரொஃபைலுக்குள் இல்லை, சி ட்ரைவில் எஸ்ஐடி பெயரில் தனியே இருக்கிறது.

விண்டோஸ் 10, 11இல் கீயை இப்படிக் கையால் நீக்கும்போது சில நேரம் புதிய ப்ரொஃபைலிலும் ஸ்டார்ட் மெனு முரண்டு பிடிக்கும். அப்போது அந்தப் புதிய, காலியான ப்ரொஃபைலை மேலே சொன்ன டெலீட் பட்டன் வழியாக நீக்கிவிட்டு மறுபடி லாக்ஆன் செய்தால் சரியாகிறது. அதில் இன்னும் ஒன்றும் இல்லை என்பதால் பயமில்லை. அதனால்தான் எதையும் நகலெடுக்கும் முன்பே ஸ்டார்ட் மெனு, எக்செல், அவுட்லுக் மூன்றையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுகிறேன்.

பிறகு நகல். கட் அண்ட் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். பழையது பழையபடியே இருக்க வேண்டும். பெரிய ஃபோல்டர்களுக்கு விண்டோஸோடு வரும் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி நல்லது. அதில் ஜங்ஷன்களை (வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் இணைப்புகளை) தவிர்க்கச் சொல்லும் எக்ஸ்ஜே சுவிட்சை மறக்காதீர்கள்; ப்ரொஃபைலுக்குள் தன்னையே சுட்டும் பழைய பெயர்கள் இருப்பதால் அது இல்லாவிட்டால் ஒரே ஃபோல்டருக்குள் சுற்றிச்சுற்றி இறங்கிக்கொண்டிருக்கும். எம்ஐஆர் சுவிட்சைப் போடாதீர்கள். மூலத்தில் இல்லாததை எல்லாம் போய்ச்சேரும் இடத்தில் அழித்துவிடும். என்டியூசர்.டாட்டை எடுத்து வராதீர்கள். ஆப்டேட்டாவை மொத்தமாகக் கொட்டாதீர்கள். அப்படிச் செய்தால் எந்த நோயை விட்டு வந்தோமோ அதையே கூட்டி வந்ததாகும். எக்செல் மேக்ரோ, சிக்னேச்சர், புக்மார்க், நோட்ஸ் என்று பெயர் சொல்லி ஒவ்வொன்றாக, அந்தந்த மென்பொருளை மூடி வைத்துவிட்டுக் கொண்டுவர வேண்டும்.

ஒன்டிரைவ் இருக்கும் அலுவலகங்களில் இன்னொரு கவனம். டெஸ்க்டாப்பும் டாகுமென்ட்ஸும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறியிருக்கலாம். மேகக் குறி போட்ட ஃபைல்கள் வட்டில் உண்மையாக இல்லை. பெயர் மாற்றிய ஃபோல்டரிலிருந்து அவற்றை நகலெடுக்கப் பார்த்தால் பிழைதான் வரும். புதிய ப்ரொஃபைலில் ஒன்டிரைவில் நுழைந்ததும் அவை தானே வரும். ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. ஏதோ காரணத்தால் மேலே ஏறாமல் நின்றுபோன ஃபைல்கள் பழைய ஃபோல்டரில் மட்டுமே இருக்கும். ஆகவே மாற்றத்துக்கு முன்பே சின்க் முழுதாக முடிந்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

பழைய ஃபோல்டரை எப்போது அழிப்பது? இந்த விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10இன் 1809 பதிப்பை வெளியிட்ட சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் நிறுத்தி வைத்தது. டாகுமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு இடத்துக்குத் திருப்பி வைத்திருந்தவர்களின் பழைய இடத்தை, தேவையற்ற மிச்சம் என்று கருதி அந்த அப்டேட் அழித்துவிட்டது. சிலருக்கு அங்கே இன்னும் ஃபைல்கள் இருந்தன. நவம்பர் 13ஆம் தேதிதான் அது மறுபடி வெளிவந்தது. 2020 பிப்ரவரியில் கேபி4532693 என்ற அப்டேட்டுக்குப் பிறகு பலர் தற்காலிக ப்ரொஃபைலில் போய் நின்றார்கள்; அவர்களில் பலருக்கு உண்மையான ஃபோல்டர் யூசர்ஸுக்குள்ளேயே பெயர் மாறிக் கிடந்தது. முதல் சம்பவத்தில் மிச்சம் என்று நினைத்து அழித்ததில் வேலை இருந்தது. இரண்டாவதில் யாரும் அழிக்காததால் கிடைத்தது. ப்ரொஃபைல் மாற்றிய மறுவாரமே "இடம் அடைக்குது" என்று .ஓல்ட் ஃபோல்டரை அழிக்கச் சொல்பவர்களுக்கு நான் இந்த இரண்டையும் சொல்வேன்.

கணக்குப் பிரிவு என்றால் குறைந்தது ஒரு மாத முடிவும் ஒரு காலாண்டு முடிவும் தாண்ட வேண்டும். முடிந்தால் மார்ச் தாண்ட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் ஃபைல்கள் அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும். வட்டில் இடமில்லை என்றால் சர்வருக்கு நகர்த்தலாம். ஆனால் அதில் அந்த ஆளின் சொந்தப் படங்களும், பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன்களும், வங்கி விவரங்களும் இருக்கும். எல்லோரும் நுழையும் ஷேரில் போட்டு வைப்பது பெரிய தப்பு. அவருக்கும் பொறுப்பான அட்மினுக்கும் மட்டும் அனுமதி கொடுங்கள். நகலெடுக்கும் வேலையையும் அவர் பக்கத்தில் இருக்கும்போதே செய்யுங்கள். அவர் முன்னால் திறக்கத் தயங்கும் ஃபோல்டரை அவர் இல்லாதபோது திறக்க நமக்கு உரிமை இல்லை.

அக்காவுக்கு அன்று மதியத்துக்குள் எல்லாம் திரும்பிவிட்டது. மேக்ரோ பட்டனை அழுத்திப் பார்த்தார், பாமினிக் கடிதம் ஒன்றைத் திறந்து பார்த்தார், 3பி-யையும் தேதிக்குள் போட்டுவிட்டார். அந்தப் பர்சனல்.எக்ஸ்எல்எஸ்பி ஃபைலின் ஒரு நகலை அன்றே சர்வரிலும் வைத்தோம். அதன்பிறகு ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு பட்டியல் எழுதி வைக்கத் தொடங்கினோம்: இவருக்கு எந்த எழுத்துரு, பிஎஸ்டி எங்கே, மேக்ரோ உண்டா, எந்த ட்ரைவ் எந்த ஷேருக்கு, சான்றிதழ் டோக்கனிலா கணினியிலா. புதிதாக வேலைக்குச் சேரும் சப்போர்ட் பையன்களிடம் முதல் வாரம் கொடுக்கும் வேலையே, அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து, விட்டுப்போனதைக் கேட்டு எழுதி வருவதுதான்.